நாலரை கிலோமீட்டர் தள்ளிப் போன ஆரணி

போன தீபாவளி லீவுக்கு ஆரணி போயிருந்தப்போ, கையோடு ஒரு பழைய வரைபடத்தையும் லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போனேன். வரைபடம் 19-ஆம் நூற்றாண்டில் அச்சானது. 'இந்தியன் அட்லஸ்' என்ற வரிசையில் ஒரு தாள். ஒரு அங்குலத்துக்கு நாலு மைல் என்ற அளவு. அதை ஏற்கெனவே சென்னையில் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தேன். இன்றைய செயற்கைக்கோள் படத்துக்கு மேலே அதைப் பொருத்தி, நம்ம ஊரில் என்னென்ன ஏரி காணாமல் போயிருக்குன்னு பார்க்கணும். அவ்வளவுதான் திட்டம்.

பொருத்துவது பெரிய வித்தை இல்லை. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வரைபடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைக் காட்டி, 'இந்த இடம் இத்தனை டிகிரி' என்று சொல்லிக் கொடுத்தால் மீதியை அதுவே செய்துவிடும். நானும் அப்படித்தான் செய்தேன். முடித்துப் பார்த்தால் ஆரணி ஆரணியில் இல்லை! கோட்டை இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் தள்ளி ஊர் பேர் உட்கார்ந்திருந்தது.

முதலில் என் தப்பு என்றுதான் நினைத்தேன். இருபது வருஷமா கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு முதல் சந்தேகம் தன் மேலேதான் வரும். மறுபடி செய்தேன். அதே நாலரை. பக்கத்துக் குன்றுகளைப் பார்த்தேன், ஏரிகளைப் பார்த்தேன், கமண்டல நாகநதியின் வளைவுகளைப் பார்த்தேன். எல்லாமே அதே அளவு, அதே திசையில் தள்ளியிருந்தன. வடக்கு தெற்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்பா பின்னாடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். ஜக்கார்டு டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைவதும் அவருக்குத் தெரியும்.

"இன்னாடா, ரெண்டு மணி நேரமா அதையே பாக்குற?"

விஷயத்தைச் சொன்னேன். கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிசைன் சரியாத்தான் போட்டுக்கிறான். ஆரம்பிச்ச இழை தப்பு. அதான் எல்லாம் ஒரே மாதிரி தள்ளிப் போயிருக்குது."

அவர் சொன்னதுதான் சரியான விடை. அது எனக்கு முழுசாப் புரிய இன்னும் ஒரு வாரம் ஆச்சு.

ஆரம்பித்த இழை

இந்த வரிசைத் தாள்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வரும். தீர்க்கரேகைகள் கிரீன்விச்சைக் கொண்டு கணக்கிடப்பட்டவை, சென்னை வானிலக்கியக் கூடம் 80 பாகை 17 நிமிடம் 21 நொடி கிழக்கில் இருப்பதாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்று. படிக்காமல் தாண்டிப் போகிற வகை எழுத்து. நானும் தாண்டித்தான் போயிருந்தேன்.

1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானிலக்கியக் கூடம் அது. கருவிக்காக நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தென்னிந்தியாவின் தீர்க்கரேகைகள் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கின. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். அளந்து முடிக்க மே மாதம் ஆனது. அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம், அதன் மேல் இன்னொரு முக்கோணம் என்று மலை உச்சிகளையும் கோபுரங்களையும் பிடித்துக்கொண்டே நாடு முழுக்கப் போனார்கள். இந்த முறையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள தூரம் அசத்தலாகச் சரியாக வரும். ஆனால் மொத்த வலையும் பூமிப்பந்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அதுதான் சென்னை.

அட்சரேகை கண்டுபிடிப்பது சுலபம். நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். தீர்க்கரேகைக்குத் தூரத்து ஊர் ஒன்றின் நேரம் தெரிந்தாக வேண்டும். சென்னையில் நடு இரவு 12 மணி ஆகும்போது கிரீன்விச்சில் மணி என்ன? தந்தி இல்லாத காலத்தில் வியாழனின் நிலாக்கள் மறைவதை இரண்டு ஊரிலும் பார்த்துத்தான் இதைக் கணக்கிட்டார்கள். நேரத்தில் 10 நொடி தப்பினால் தீர்க்கரேகையில் இரண்டரை நிமிடம் தப்பும். அப்படித்தான் தப்பியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்திக் கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டபோது, பழைய எண் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் கூடுதல் என்று தெரிந்தது.

இப்போ கணக்குப் போடுங்க. ஆரணி இருக்கும் அட்சரேகையில் ஒரு நிமிடத் தீர்க்கரேகை என்பது சுமார் 1.81 கிலோமீட்டர். இரண்டரையால் பெருக்கினால் நாலரை கிலோமீட்டர். என் லேப்டாப்பில் வந்த அதே நாலரை!

ஆக, லண்டனில் செம்புத் தகட்டில் செதுக்கிய ஆரணி தள்ளிப் போனதுக்குக் காரணம், நுங்கம்பாக்கத்தில் யாரோ ஒருவர் தொலைநோக்கி வழியாக வியாழனைப் பார்த்தபோது நேர்ந்த 10 நொடி. இதைத் தெரிஞ்சுகிட்ட அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரலை.

இந்தத் தாள் கைக்கு வந்த கதை

பழைய வரைபடம் வாங்கும் பைத்தியம் எனக்குப் பிடித்து எட்டு வருஷம் ஆகிறது. முதல் அனுபவம் அவமானமானது. 18-ஆம் நூற்றாண்டு ஒரிஜினல் என்று ஒருவர் இணையத்தில் விற்றதை ஒரு மாச வீட்டு வாடகையைவிட அதிகம் கொடுத்து வாங்கினேன். வந்ததும் கண்ணாடி சட்டம் போட்டு மாட்டியாச்சு. ஆறு மாசம் கழித்து, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸ் ஒன்றால் பார்த்தேன். கோடுகளெல்லாம் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக இருந்தன. நவீன ஆஃப்செட் அச்சு. டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்த மாதிரி நிறம் மட்டும்தான் பழசு.

அந்தப் பணத்துக்குக் கற்றுக்கொண்ட பாடங்களை இலவசமாகத் தருகிறேன்:

- செம்புத் தகட்டு அச்சில் கோடு முழுக்கோடாக இருக்கும். லென்ஸில் புள்ளிகள் தெரிந்தால் அது நகல்.
- அழுத்தி அச்சடிப்பதால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் இருக்கும். விரலால் தடவினால் தெரியும். ஓரம் வெட்டப்பட்ட தாள்களில் இது இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.
- 18-ஆம் நூற்றாண்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், சல்லடைக் கம்பிகளின் வரிகள் பெரும்பாலும் தெரியும்.
- நிறம் தீட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். கறுப்பு வெள்ளையில் வந்த பல படங்களுக்குப் பிற்காலத்தில் விற்பனைக்காகவே நிறம் ஏற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் மனசை உறுத்துவது. சந்தையில் கிடைக்கும் ஒற்றைத் தாள்களில் பல, முழு அட்லஸைப் பிரித்துப் பக்கம் பக்கமாக விற்றவை. புத்தகமாக விற்பதைவிடத் தாளாக விற்றால் லாபம் அதிகம். நான் வைத்திருக்கும் தாளுக்கும் நடுவில் மடிப்புத் தடம் இருக்கிறது. அது எங்கிருந்து பிரிந்து வந்ததோ. அதனால இப்போ வாங்குவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். டேவிட் ரம்சே தொகுப்பிலும், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்திலும் காசில்லாமல் பெரிய அளவில் பார்க்கலாம். ஆராய்ச்சிக்கு அதுவே போதும், தாளைத் தொட்டுப் பார்க்கும் சந்தோஷம் மட்டும் அதில் கிடைக்காது.

லாம்டனுக்கு முன்னால்

நாலரை கிலோமீட்டர் தப்பு என்பதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அதற்கு முந்தைய காலத்தையும் பார்க்க வேண்டும்.

1752-இல் பாரிசில் தான்வீல் என்ற புவியியலாளர், பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தியாவின் பெரிய வரைபடம் ஒன்றை வெளியிட்டார். அடுத்த வருஷமே சோழமண்டலக் கரைக்குத் தனியாக இன்னொன்று. மனுஷன் இந்தியா பக்கமே வந்ததில்லை. பாதிரியார்களின் கடிதங்கள், கப்பல்காரர்களின் குறிப்புகள், பயணிகளின் நாட்கணக்கு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டே வரைந்தார். வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த வரைபடங்கள் மட்டும் சுமார் 10,000. தென்னிந்தியாவுக்கு அவருக்கு உதவியதில் ஒன்று பூஷே பாதிரியார் அனுப்பிய வரைபடம். பூஷே நம் பக்கத்துத் தக்கோலத்தில் இருந்து வேலை செய்த ஏசு சபைக்காரர்.

தான்வீலிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. தெரியாத இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். அவருக்கு முந்தியவர்கள் அந்த இடத்தில் யானையையோ கற்பனை மலையையோ வரைந்து நிரப்புவார்கள்.

அடுத்து ஜேம்ஸ் ரென்னல். வங்காளத்தில் சர்வேயர் ஜெனரலாக இருந்து, லண்டன் திரும்பிய பிறகு 1782-இல் இந்துஸ்தான் வரைபடத்தை வெளியிட்டவர். அதோடு ஒரு விளக்கப் புத்தகமும் எழுதினார். எந்த ஊரின் இடத்தை யாருடைய அளவையிலிருந்து எடுத்தேன், இரண்டு பேர் முரண்பட்டால் யாரை ஏன் நம்பினேன் என்றெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் ஒழுங்கா கமிட் மெசேஜ் எழுதுகிற ஆள். எங்க டீமில் இப்படி ஒருத்தர் இருந்தா போதும்.

ஆனால் ஆரணிப் பக்கத்துக்கு அவருக்குக் கிடைத்தது என்ன? இங்கேதான் ஒரு சுவாரசியமான எல்லைக்கோடு வருகிறது. செங்கல்பட்டுப் பகுதி கம்பெனியின் சொந்த ஜாகிர். அதை தாமஸ் பர்னார்ட் 1767-லிருந்து சில வருஷங்கள் ஊர் ஊராக அளந்தார், ஏனென்றால் அந்த நிலத்தின் வரி கம்பெனிக்குப் போகிறது. ஆரணி அதற்கு மேற்கே, ஆற்காடு நவாப்பின் எல்லைக்குள், ஒரு மராட்டிய ஜாகிர்தாரின் கையில் இருந்தது. கம்பெனிக்கு அங்கே வரி இல்லை, அதனால் ஊர் ஊராக அளக்கவும் இல்லை. அப்படியானால் ஆரணி எப்படி வரைபடத்தில் ஏறியது?

படை நடந்த வழியாகத்தான் ஏறியது.

இரண்டு சண்டைகள், ஒரு தூண்

1751 டிசம்பர் 3. ஆற்காட்டு முற்றுகையிலிருந்து தப்பிய கிளைவ், மொராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையைச் சேர்த்துக்கொண்டு, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் அவரோடு இருந்த பிரெஞ்சுக்காரர்களையும் ஆரணிக்குப் பக்கத்தில் தோற்கடித்தார். ராபர்ட் ஓர்ம் தன் போர் வரலாற்றில் அந்த இடத்தை விவரித்திருக்கிறார்: முன்னால் சேறான நெல்வயல், நடுவில் மேடான ஒரு பாதை, பக்கத்தில் பனந்தோப்பு. எங்க ஊர்க்காரன் யார் படித்தாலும் கார்த்திகை மாசத்து வயல் கண் முன்னால் வந்து நிற்கும்.

1782 ஜூன் 2. இந்த முறை ஒரு பக்கம் ஹைதர் அலி, மறுபக்கம் அயர் கூட். ஹைதரின் முக்கியமான கிடங்கு ஆரணிக் கோட்டையில் இருந்தது. கூட்டின் படைக்கு எப்போதுமே அரிசிப் பஞ்சம். கிடங்கை மிரட்டினால் ஹைதர் சண்டைக்கு வருவார் என்று கூட் ஆரணிப் பக்கம் நகர்ந்தார். ஹைதரும் வந்தார். சண்டை நடந்தது, ஆனால் கோட்டையும் கிடங்கும் கூட்டின் கைக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் படைகளோடு ஒரு சக்கரமும் உருண்டுகொண்டே போனது. கைப்பிடி வைத்த பெரிய சக்கரம். ஒவ்வொரு சுற்றையும் அதில் உள்ள முள் எண்ணும். ஒருவர் அதைத் தள்ளிக்கொண்டு நடக்க, ஒரு அதிகாரி திசைகாட்டியைப் பார்த்து, 'வலது பக்கம் குன்று, இடது பக்கம் ஏரி, இத்தனை சுற்றில் ஆறு குறுக்கே வருகிறது' என்று நோட்டில் எழுதிக்கொண்டே போவார். பாதை வளைந்து வளைந்து போவதால் தூரத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு வரைய வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பது அனுபவம். இதனால்தான் அந்தக் கால வரைபடங்களில் பாதை ஓரத்து ஊர்கள் தெளிவாக இருக்கும், பாதையை விட்டு அஞ்சு மைல் உள்ளே போனால் ஊரே இருக்காது. ஊர் இல்லாமல் இல்லை, அந்தப் பக்கம் சக்கரம் போகவில்லை.

இப்படிக் கர்நாடகப் பகுதியின் வழித்தடங்களை வருஷக்கணக்கில் சேகரித்து, பெரிய வரைபடத் தொகுப்பாக்க முயன்றவர்களில் ஒருவர் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கெல்லி. இந்தப் பெயரை நில அளவைத் துறை வரலாற்றில் படித்தபோது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அந்த வரலாறு பில்லிமோர் தொகுத்தது, டேராடூனில் 1945-லிருந்து வெளிவந்தது. கெல்லியைப் பற்றிய குறிப்பின் கடைசியில் அவர் இறந்த இடம் போட்டிருந்தது: ஆரணி, 1790 செப்டம்பர்.

கோட்டைப் பகுதியில் உயரமாக ஒரு கூம்புத் தூண் நிற்கும். சின்ன வயசில் அந்தப் பக்கம் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். 'வெள்ளைக்காரன் தூண்' என்பதற்கு மேல் எங்க யாருக்கும் எதுவும் தெரியாது. அது கர்னல் கெல்லியின் நினைவுத் தூண். திப்புவுக்கு எதிரான போரில் நடுப்படைக்குத் தளபதியாக இருந்தபோது இறந்துபோனார், அவருக்குப் பிறகு மேக்ஸ்வெல் அந்தப் பொறுப்பை ஏற்றார். நான் எட்டு வருஷமா லண்டன், பாரிஸ் என்று தேடிய வரைபடக்காரர்களில் ஒருவர், நாங்கள் பந்து பொறுக்கிய இடத்திலேயே இருந்திருக்கிறார்.

(தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் இந்த ஊர் பெயர் சிலரிடம் ஏ-ஆர்-என்-ஐ, சிலரிடம் ஏ-ஆர்-என்-இ-இ. பொன்னேரிப் பக்கம் ஆரணியாற்றங்கரையில் இன்னொரு ஆரணி உண்டு. மகாராஷ்டிரத்தில் ஒரு ஆர்னி உண்டு. நான் ஒரு முழு சனிக்கிழமையை பொன்னேரி ஆரணிக்குத் தாரை வார்த்திருக்கிறேன்.)

"நாம எங்கடா இருக்கோம்?"

தாளைச் சரியாகப் பொருத்தி முடித்த அன்று அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஊர் பேரு இருக்குது, ஆறு இருக்குது, ஏரி இருக்குது. நாம எங்கடா இருக்கோம்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. தெரு அளவுக்கு விவரம் இருக்கிற அளவு இல்லை இது என்று சமாளித்தேன். ஆனால் அது முழுப் பதில் இல்லை. இன்னும் பெரிய அளவு வரைபடங்களைத் தேடிப் போனாலும் தறி கிடைக்காது.

19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சென்னை மாகாணத்தில் வருவாய் நில அளவை நடந்தது. ஒவ்வொரு வயலுக்கும் எண், ஒவ்வொரு கிணற்றுக்கும் குறி. அதுவே ரயத்துவாரி நிலங்களின் வரிக்காகத்தான். வீடுகள் இருந்த இடம் 'நத்தம்'. அதற்கு நிலவரி கிடையாது, எனவே உள்ளே இருக்கும் வீடுகளைத் தனித்தனியாக அளக்காமல் ஒரே பாளமாக விட்டுவிட்டார்கள். நெசவாளி குடியிருப்பதும் நத்தத்தில், அவன் குழித்தறி இருப்பதும் அதே வீட்டுக்குள். ஆரணியோ ஜாகிர், அந்த ரயத்துவாரிக் கணக்குக்கே வெளியே.

தறியை யாருமே எண்ணவில்லையா? நல்லா எண்ணினார்கள். 'மொதர்பா' என்று தொழில் வரி ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்தது. தறிக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். வயலுக்கு வரி போட வயலை அளக்க வேண்டும், அதனால் வயல் வரைபடத்தில் வந்தது. தறிக்கு வரி போட எண்ணிக்கை போதும், அதனால் தறி கணக்கு நோட்டோடு நின்றுவிட்டது. பட்டு பெரிதாவதற்கு முன்னால் ஆரணி மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணிக்கு வெளிநாடு வரை பெயர் இருந்தது. அந்தத் துணி கடல் தாண்டிப் போன காலத்து வரைபடங்களிலும் ஆரணி என்றால் கோட்டையும் பாதையும்தான்.

வரைபடம் பொய் சொல்லுது என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்தவனுக்கு வேண்டியதை அது காட்டுகிறது. தளபதிக்கு அரிசிக் கிடங்கு வேண்டும், கலெக்டருக்கு வயல் வேண்டும். எங்க தாத்தாவின் அப்பா எந்தத் தெருவில் பாவு நீட்டினார் என்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

எனக்கு வேண்டும். அதனால் தெருப்படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, ஒரு பென்சிலோடு அப்பா கையில் கொடுத்தேன். மூணு நாள் எடுத்துக்கொண்டார். விடிகாலையில் பாவு நீட்டுகிற தெரு, சாயம் போட்ட இடம், தறிக்குழி மூடி டைல்ஸ் போட்ட வீடு, பவர்லூம் வந்த வீடு, இன்னும் கைத்தறி ஓடும் வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. எங்க தெருவில் அவர் சின்னப் பையனாக இருந்தபோது 22 வீட்டில் தறி. இப்போது 3. சில இடங்களில் அம்மா வந்து, "அது அந்த வீடு இல்லை, அதுக்கு அடுத்த வீடு" என்று திருத்தினார். இரண்டு பேரும் முரண்பட்ட இடங்களில் ரென்னல் மாதிரி இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டு தெருக்களுக்கு யாருக்கும் நினைவு இல்லை. அவற்றை வெறுமையாக விட்டிருக்கிறேன். தான்வீலிடம் கற்றது.

இதைப் படிக்கிறவர்களில் ஆரணிக்காரர்கள் இருந்தால், வீட்டில் வயசானவர்கள் இருந்தால், அந்தப் பொங்கல் லீவுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்க. பழைய பத்திரங்கள் இருந்தால் நான்கு எல்லைக் குறிப்பைப் பாருங்கள். 'இன்னார் வீட்டுக்கு மேற்கு, பாவு நீட்டும் தெருவுக்குக் கிழக்கு' என்ற மாதிரி ஒரு வரி கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள். அளவு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. 10 நொடி தப்பினவர்களையே நாம் இன்னும் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.